வலி அஞ்சு, வேலை ஒரு முழு ஷிப்ட்

"பத்துக்கு எத்தனை?" இடுப்பு வலியோடு வருகிற எல்லோரிடமும் நாங்கள் கேட்கிற கேள்வி இது. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. போன வருடம் தை மாதம் முதன்முதலாக வந்தபோது அந்த அக்கா "ஆறுங்க மேடம்" என்றார். ஆடி முடிகிற சமயத்தில் திரும்பக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "அஞ்சு வெச்சுக்கோங்க" என்றார். ஏழு மாதத்துக்கு ஒரே ஒரு புள்ளி. என் நோட்டை மட்டும் புரட்டிப் பார்க்கிறவர்கள் இதைத் தோற்றுப்போன சிகிச்சை என்றுதான் சொல்வார்கள். பதினாலு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கோ, நான் கைவைத்ததிலேயே உருப்படியான சிகிச்சை இதுதான் என்று படுகிறது. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும் என்ற கேள்வி பல மாதமாக மனசைக் குடைந்துகொண்டே இருக்கிறது. எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனிக்காரர்கள். மீதி பாத்திரப் பட்டறையில் இருப்பவர்கள், லோடு ஏற்றி இறக்குகிறவர்கள், நாள் முழுக்க பைக்கிலேயே சுற்றுகிற சேல்ஸ் பையன்கள். அந்த அக்கா சிங்கர் டெய்லர், வயது 41, பதினெட்டு வருடமாகப் பவர் டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடுகிற தையல் மிஷினில், உட்கார்ந்து தைக்கிறார். ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் எம்ஆர்ஐ படங்களும் ரிப்போர்ட்டும். நிலப் பத்திரத்தை எடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நான் பிரிப்பதற்குள் அவரே ஒப்பித்தார்: "எல் நாலு எல் அஞ்சு பல்ஜுங்க. எல் அஞ்சு எஸ் ஒண்ணு தேஞ்சே போச்சுங்க. ஜவ்வு பிதுங்கி நிக்குதாமா." கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்கைத்தான் சொல்கிறார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த ரிப்போர்ட்டின் கடைசி நாலு வரியை என்னைவிட வேகமாகச் சொன்னார்.

எங்கள் ஊரில் இடுப்பு வலிக்கு எத்தனை வாசல் உண்டோ அத்தனையும் ஏறி இறங்கிவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். எலும்பு டாக்டர் மாத்திரை எழுதி, பெல்ட் போடச் சொல்லி, மூன்று வாரம் படுத்தே இருக்கச் சொன்னார். இன்னொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றார்கள். ஒரு வைத்தியசாலையில் எண்ணெய் கட்டினார்கள். எனக்கு முன்னால் வேறொரு பிசியோ பத்து நாள் கரண்ட் வைத்தார். ஒருவர் நடக்கச் சொன்னார், அடுத்தவர் நடந்தால் தேய்மானம் கூடும் என்றார். ஒருவர் மெத்தையை எடுத்துவிட்டு வெறுந்தரையில் படுக்கச் சொன்னார், இன்னொருவர் தரையில் உட்காரவே கூடாது என்றார். இவர்களில் ஒருவர்கூட மற்றவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த அக்காவின் தலைக்குள்தான் எல்லோரும் சந்தித்துக்கொண்டார்கள், அங்கேயே சண்டையும் போட்டுக்கொண்டார்கள். எல்லாச் சீட்டிலும் 'தொழில்' என்ற இடத்தில் 'டெய்லர்' என்று எழுதியிருந்தது. எந்த மிஷின், எத்தனை மணி நேரம், எதில் உட்காருகிறார் என்று யாரும் எழுதவில்லை.

நானும் எழுதவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஐந்து வாரம் ஒத்தடம் கொடுத்தேன், கரண்ட் வைத்தேன், படுத்தபடி செய்கிற நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு தடவை அவர் கிளம்பும்போதும், "குனியாதீங்க அக்கா, பெல்ட்டைக் கழட்டாதீங்க, முதுகை நேரா வெச்சு உட்காருங்க" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினேன். லீவு போட்ட வாரம் வலி நாலுக்கு இறங்கும். வேலைக்குப் போன இரண்டாம் நாள் ஏழுக்கு ஏறும். என் டேபிளில் தணிகிற வலி அவருடைய டேபிளில் திரும்பப் பற்றிக்கொண்டது. நான் கரண்டைக் கூட்டிப் பார்த்தேன், பயிற்சியை மாற்றிப் பார்த்தேன். வலி எங்கே ஏறுகிறதோ அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வரவே இல்லை.

ஸ்கேனைப் பற்றி இங்கே கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பாதி நோய் அந்தக் கட்டைப்பைக்குள்தான் இருந்தது. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை மட்டும் வைத்து நடந்த 33 ஆய்வுகளைத் திரட்டி, 2015ஆம் ஆண்டு ஒரு தொகுப்பாய்வு வெளியானது. மொத்தம் 3,110 பேர். அதில் 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். 20 வயதுப் பிள்ளைகளிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. இவர்கள் எல்லோரும் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். தலை நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் வயசாகிறது. அதற்காக ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, உட்காருகிற இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போகிற அளவுக்குக் காலில் பலம் குறைவது, வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, பெரிய அடி விழுந்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த அக்காவுக்கு இதில் ஒன்றும் இல்லை. காலைத் தூக்கிப் பார்த்தேன், சுத்தியால் தட்டிப் பார்த்தேன், குதிகாலில் நடக்கவிட்டுப் பார்த்தேன். நரம்பு நன்றாகவே இருந்தது. ஆனால் "உங்க வயசுல பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும்" என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? அதே வாயால்தானே குனிய வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை

மாசிக் கடைசியில் ஒரு நாள் வந்து, "வேலையை விட்டரலாம்னு இருக்கேன் மேடம்" என்றார். குரலில் அழுகைகூட இல்லை, கணக்குப் பார்த்து முடித்தவர் மாதிரி சொன்னார். மகளிர் குழு லோன் வாரத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எப்படித்தான் தைப்பீங்க, உட்கார்ந்து காட்டுங்க" என்றேன். என் ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத பெடலை மிதித்து, இல்லாத துணியைத் தள்ளிக் காட்டினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "சனிக்கிழமை வந்து பாருங்க மேடம், சூப்பர்வைசருகிட்ட சொல்லி வெக்கறேன்" என்றார். பதினாலு வருடமாகத் திருப்பூர்க்காரர்களின் இடுப்பைப் பார்த்துப் பிழைக்கிறேன். அதுவரை ஒரு பனியன் கம்பெனிக்குள்ளும் போனதில்லை.

தகரக் கூரை, பண்பலைப் பாட்டு, அயர்னிங் பக்கமிருந்து வருகிற நீராவி, மூக்கில் ஒட்டுகிற பஞ்சு. நாற்பது மிஷின் வரிசையாக ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழவில்லை. அக்கா மூன்றாவது வரிசை. முதுகுச் சாய்மானம் இல்லாத மர ஸ்டூல். காலர் டீ-சர்ட்டுக்குப் பட்டி வைக்கிற வேலை. தைக்க வேண்டிய பீஸ்களைக் கட்டுக் கட்டாக இடது பக்கம் தரையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு கட்டு நாலைந்து கிலோ இருக்கும். அது முடிந்ததும் அடுத்த கட்டைத் தரையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரிக்க வேண்டும். நான் நின்ற இரண்டு மணி நேரத்தில் ஆறேழு தடவை எடுத்தார்.

அவர் எடுத்த விதத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். குனியவில்லை. பெல்ட்டை இறுக்கி, முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு, வலது காலைப் பின்னால் நீட்டி, இடது முட்டியைப் பாதி மடக்கி, மிஷின் மேஜையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் அப்படியே சாய்ந்து இறங்கினார். மூச்சை அடக்கியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. விரல் நுனியால் கட்டின் முடிச்சைத் தொட்டு, இழுத்து, ஒற்றைக் கையால் தூக்கி மேலே வைத்தபோது முகமெல்லாம் வேர்வை. பக்கத்து மிஷினில் அவரைவிடப் பத்து வயது மூத்த அம்மா ஒருவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டே சாதாரணமாகக் குனிந்து அதே அளவுக் கட்டை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பதினோரு மணிக்கு டீ வந்தது. வரிசையே எழுந்து வெளியே போனது. அக்கா எழவில்லை. உதவிக்கு இருக்கிற கைமடிக்கிற பெண் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தவர் பதினோரு மணிவரை ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. பாத்ரூம் போக எழ வேண்டியிருக்கும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை.

மிஷின் சத்தம் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏனக்கா, ஒரு கட்டு எடுக்க இத்தன பாடு படறீங்க?" என்று கேட்டேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீங்கதானுங்க மேடம் குனியவே வேண்டாம்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். பத்துத் தடவைக்கு மேல் சொல்லியிருப்பேன். நான் அக்கறையோடு சொன்ன வார்த்தை அவர் உடம்பில் இன்னொரு பெல்ட்டாக இறுகியிருந்தது. அது துணி பெல்ட்டைவிடக் கெட்டி, ராத்திரிகூடக் கழற்ற முடியாது. எட்டு மணி நேரம் வயிறும் முதுகும் இறுக்கிப் பிடித்திருந்தால் எந்த இடுப்புதான் வலிக்காது? நேராக உட்காருங்கள் என்று நான் சொன்னதால் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிமிர்ந்தால் ஊசி கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் கழுத்தை மட்டும் முன்னால் நீட்டினார். அன்றைக்குத்தான் எனக்குக் கழுத்து வலியும் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. கிளாஸ்கோவில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்த கார்டன் வாடெல் 1987ஆம் ஆண்டிலேயே இதை எழுதிவிட்டார். முதுகை மட்டும் பார்த்து, படுக்க வைத்துச் செய்கிற வைத்தியம் ஊனத்தைக் கூட்டுகிறது, உடம்பு, மனசு, சுற்றுப்புறம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் வாதாடினார். காலேஜில் இதைப் படித்து, பரீட்சை எழுதி, பாஸ் ஆனவள் நான். படித்தது கண்ணில் பட ஒரு மர ஸ்டூல் தேவைப்பட்டது.

எல்லோரும் ஒரே வாக்கியம்

திங்கட்கிழமை அந்த எலும்பு டாக்டருக்குப் போன் செய்தேன், மூன்று வாரம் படுக்கச் சொன்னவர். கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. எங்கள் தொழிலில் பிசியோ டாக்டரைக் கூப்பிட்டு, 'நீங்கள் சொன்னதை மாற்றிச் சொல்ல முடியுமா' என்று கேட்பது நடைமுறையில் இல்லை. அவர் கோபப்படவில்லை. "நரம்பு அழுத்தம் இல்லைம்மா, அப்பவே பார்த்தேன். ஆபரேஷனுக்கு வேலையே இல்லை. வலி அதிகமா இருந்துச்சுன்னு படுக்கச் சொன்னேன், அதுக்கப்புறம் அவங்க வரவே இல்லை" என்றார். அதே வாக்கியத்தை அவர் வாயால் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். 'முதுகு கெட்டுப்போகவில்லை, வலித்தாலும் அசையலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.' நாங்கள் இருவரும் இந்த வாக்கியத்தைப் போனிலேயே பேசி முடிவு செய்தோம். அவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் அக்கா அந்தக் கட்டைப்பையை வீட்டில் வைத்துவிட்டு வரத் தொடங்கினார்.

மூன்றாவதாக ஒருவர் வேண்டியிருந்தது. அந்த டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைகளில் ஒரு உளவியல் ஆலோசகர் வருவார். அவரைப் பார்க்கலாமா என்றதும் அக்காவின் முகம் சுருங்கிப்போனது. "வலி பொய்னு நெனைக்கறீங்களா மேடம்?" என்றார். இந்தக் கேள்வியை அவசரமாகத் தாண்டிப்போனால் எல்லாம் கெட்டுவிடும். "வலி நிஜந்தான் அக்கா. தூக்கம் கெட்டா வலி கூடும், பயம் கூடினா வலி கூடும். அதையும் சேர்த்துப் பார்க்கணும், நான் ஒருத்தி பார்த்தாப் பத்தாது" என்றேன். நாலு வியாழக்கிழமை போனார். ராத்திரி நாலு மணி நேரம்தான் தூங்குகிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. மாமியார் மாதிரி தானும் படுக்கையில் விழுந்துவிடுவோம், அப்போது மகள் படிப்பை விட்டுவிட்டு மலம் அள்ளுவாள் என்ற காட்சி தினமும் கண்ணுக்குள் வருகிறது என்பதும் அங்கேதான் வெளியே வந்தது. ஐந்து வாரம் என் கைக்குக் கீழே படுத்திருந்தவர் இதில் ஒரு சொல்லைக்கூட என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லையே.

ஒரு நோயாளிக்குப் பல துறைக்காரர்கள் தனித்தனியாக வைத்தியம் பார்ப்பதும், ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதும் வேறு வேறு என்று முதலில் வற்புறுத்தியவர்களில் ஜான் பொனிக்கா முக்கியமானவர். இத்தாலியிலிருந்து அமெரிக்கா போய், மல்யுத்தம் செய்து சம்பாதித்து மருத்துவம் படித்தவர். மல்யுத்தத்தில் பட்ட அடிகளால் வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ மருத்துவமனையில் வலி தீராத வீரர்களைப் பார்த்தபோது, ஒரு துறைக்காரரின் அறிவு இதற்குப் போதாது என்று கண்டார். 1960களின் தொடக்கத்தில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல துறையினர் சேர்ந்து நடத்துகிற வலி மருத்துவமனையை உருவாக்கினார். அங்கே அவரோடு வேலை செய்த உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் இன்னொன்றைச் சொன்னார்: 'வலி வருகிறவரை செய்' என்று பயிற்சி கொடுக்காதே, 'இத்தனை எண்ணிக்கை செய்' என்று கொடு. வலியை அளவுகோலாக வைத்தால் உடம்பு வலியையே கவனித்துக்கொண்டிருக்கும். எண்ணிக்கையை அளவுகோலாக வைத்தால், நல்ல நாளிலும் அதற்கு மேல் போகாது, கெட்ட நாளிலும் அதற்குக் கீழே விழாது.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம் பெல்ட் கழற்றி இருக்க வேண்டும். கிளினிக்கில் குனிகிற பயிற்சி. ஸ்டூல்மேல் இருக்கிற டம்ளரைக் குனிந்து எடுப்பது பத்துத் தடவை. பிறகு டம்ளர் முக்காலிக்கு இறங்கியது. பிறகு இரண்டு செங்கல் உயரம். மூன்றாவது வாரம் ஒரு மாலையில் மூச்சை வெளியே விட்டபடி குனிந்தார், குனிந்துகொண்டே போனார், விரல் நுனி தரையில் பட்டது. அப்படியே நின்றார். "தரை எட்டிருச்சு மேடம்" என்றார், தலை கீழே இருந்தபடியே. கோலம் போட்டு எட்டு மாதம் ஆகிறது என்று அப்போதுதான் சொன்னார். மறுநாள் காலையில் வாசலில் நாலு புள்ளிக் கோலம் போட்டு, மகளின் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். அன்றைக்கு வலி எத்தனை என்று கேட்டதற்கு ஆறு என்றார்.

நாலாவது ஆள்தான் சிக்கல். சூப்பர்வைசர், அவருக்கு மேல் கான்ட்ராக்டர். வேலையை விட்டு நின்றுவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தவர்கள்தான் அவர்களும். பட்டி வைக்கிற கை பழகிய டெய்லர் கிடைப்பது சுலபமில்லை. டாக்டரின் லெட்டரோடு போய் மூன்றே விஷயம் கேட்டேன். தரையில் போடுகிற கட்டை இடுப்பு உயர மேஜையில் வைக்க வேண்டும். கட்டு தீரும்போது அக்காவே எழுந்துபோய் அடுத்ததை எடுத்துக்கொள்ளட்டும், யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம். இரண்டு வாரம் அரை ஷிப்ட், அடுத்த இரண்டு வாரம் முக்கால், பிறகு முழு ஷிப்ட், மூன்று மாதத்துக்கு ஒன்றரை ஷிப்ட் கூடாது. முதல் இரண்டுக்கும் உடனே சரி என்றார்கள். பழைய அட்டைப்பெட்டி அடுக்குகிற மேஜை ஒன்றின் காலை அறுத்து உயரம் சரிசெய்து போட்டார்கள், ஒரு காசு செலவில்லை. மூன்றாவதுக்குத்தான் கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். "அரை ஷிப்ட் போட்டா லைன் உடைஞ்சிருங்க." கடைசியில் அந்த வெற்றிலை அம்மாவின் மகள் மதியத்துக்கு மேல் அந்த மிஷினில் உட்காருவதாக முடிந்தது. அந்த நாலு வாரச் சம்பளக் குறைச்சலை வீட்டுக்காரர் ராத்திரி டிரிப் ஓட்டி ஈடுகட்டினார். இந்தச் சிகிச்சையின் விலையில் அதையும் எழுத வேண்டும்.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்து வால்வோ தொழிற்சாலையில், இடுப்பு வலிக்காக வாரக்கணக்கில் விடுப்பில் இருந்த 103 தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. பயிற்சியைப் படிப்படியாக எண்ணிக்கைக் கணக்கில் கூட்டுவதோடு, சிகிச்சை தருபவர் வேலை செய்கிற இடத்துக்குப் போய்ப் பார்ப்பதும் அதில் ஒரு பகுதி. அந்தக் குழு சீக்கிரமே வேலைக்குத் திரும்பியது. கனடாவில் ஷெர்ப்ரூக் நகரத்தில் பத்ரீஸ் லுவாசெல் குழு 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மருத்துவச் சிகிச்சையையும் வேலையிட மாற்றத்தையும் சேர்த்தபோது ஆட்கள் வழக்கமான வேலைக்கு 2.4 மடங்கு வேகமாகத் திரும்பினார்கள். அதில் பெரிய பங்கு வேலையிடத்தில் செய்த மாற்றத்துக்குத்தான். தொழிலாளி, சூப்பர்வைசர், நிர்வாகம், தொழிற்சங்கம் என்று எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிச் செய்த மாற்றம் அது.

என் கேள்விக்குப் பதில் நெதர்லாந்தில் இருந்தது. 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வு. நாள்பட்ட இடுப்பு வலியால் விடுப்பில் இருந்த 134 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு மருத்துவர், பிசியோ, தொழில்வழி சிகிச்சையாளர் சேர்ந்த குழு, படிப்படியான பயிற்சி, வேலையிடத்தில் மாற்றம். நிலையாக வேலைக்குத் திரும்ப முதல் குழுவில் நடுத்தரமான ஒருவருக்கு 208 நாள் ஆனது, இரண்டாவது குழுவில் 88 நாள். ஓராண்டு கழித்து, அன்றாடக் காரியங்களைச் செய்கிற திறமையிலும் இரண்டாவது குழுவே மேல். ஆனால் வலி? இரண்டு குழுவிலும் வலி குறைந்த அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இந்த வரியைப் படித்தபோது ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும், எழுந்து நின்றுவிட்டேன். என் நோட்டில் இருந்த ஆறும் அஞ்சும் அங்கேயும் இருந்தன. பின்னால் வந்த பெரிய தொகுப்பாய்வும் கிட்டத்தட்ட இதே சாயல்தான். 41 ஆய்வுகள், 6,858 பேர். பல துறையினர் சேர்ந்து தருகிற சிகிச்சையால் வலி மிதமாகத்தான் குறைகிறது. ஆனால் வெறும் உடற்சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், வேலையில் நிலைத்திருக்கிற வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. பத்துக்கு எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறவள் கண்ணில் இந்த இரண்டு மடங்கு படவே படாது.

பாதி ஃபிட், பாதி அன்ஃபிட்

இதை எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. விமானம் செய்கிற போயிங் தொழிற்சாலையில் 3,020 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1991ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தங்கள் வேலை பெரும்பாலும் பிடிப்பதே இல்லை என்று சொன்னவர்கள் முதுகுக் காயம் என்று வருவதற்கு, வேலை பெரும்பாலும் பிடிக்கிறது என்றவர்களைவிட 2.5 மடங்கு வாய்ப்பு இருந்தது. இதை ஒரு முதலாளியிடம் கொடுத்தால், வலி என்பது வேலைக்கள்ளர்களின் சாக்கு என்று படித்துக்கொள்வார். நான் படிப்பது வேறு மாதிரி. பிடிக்கிற மாதிரி வேலையை அமைத்துக் கொடுப்பதும் சிகிச்சைதான். தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் எழுந்திருக்கலாம் என்ற நிலை இருந்தால் அதற்கு மருந்துச்சீட்டு எழுத முடியாது, ஆனால் அது மாத்திரையைவிட அதிகம் வேலை செய்கிறது.

நம்முடைய மெடிக்கல் சர்டிபிகேட்டையும் கவனித்துப் பாருங்கள். ஒன்று, ஓய்வு தேவை. அல்லது, வேலைக்குத் தகுதி. நடுவில் எதுவும் இல்லை. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள்வரை கிடைக்கிறது. அந்தப் பணம் எத்தனையோ வீட்டில் அடுப்பெரியக் காரணமாக இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழு நாள் வீட்டில் இருந்தால்தான் அது. அரை ஷிப்ட் வேலை, அரை ஷிப்டுக்கு உதவித்தொகை என்று ஒரு வழி இருந்திருந்தால் அக்காவின் வீட்டுக்காரர் ராத்திரி டிரிப் ஓட்டியிருக்க வேண்டாம். பிரிட்டனில் 2010 ஏப்ரலில் மருத்துவச் சீட்டையே மாற்றினார்கள். 'சில மாற்றங்கள் செய்து கொடுத்தால் வேலை பார்க்கலாம்' என்று ஒரு கட்டமும், படிப்படியாகத் திரும்புதல், நேரமாற்றம், வேலைமாற்றம், இடத்தில் வசதி என்று அதற்குக் கீழே நாலு கட்டமும் அதில் உண்டு. டாக்டர் டிக் அடித்தால் போதும். நான் இரண்டு பக்கம் லெட்டர் எழுதிக்கொண்டுபோய்க் கெஞ்சியதை அங்கே ஒரு டிக் செய்கிறது.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றுகொண்டே வேலை பார்க்கிற கடைப் பணியாளர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் கால் வீங்கி என்னிடம் வருவதைப் பார்த்தவள் என்பதால், அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதிருக்கிறேன். பவர் டேபிள்காரர்களுக்கு வேண்டியது அதன் மறுபக்கம். நினைத்தபோது எழுந்து நிற்கிற உரிமை.

சித்திரை முடிவதற்குள் அக்கா முழு ஷிப்டுக்கு வந்துவிட்டார். ஆடியில்தான் அந்த அஞ்சு. அதே வாரம் குலதெய்வக் கோயிலுக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம் நின்றபடி போய்வந்ததாகவும் சொன்னார். தீபாவளி போனஸ் வாங்கியதும் ஆட்கள் கம்பெனி மாறுவது இங்கே வழக்கம். போன தடவை மாறிப்போனது அந்தக் கான்ட்ராக்டர். புதிதாக வந்தவர் வரிசையை மாற்றிப் போட்டார், மிஷினுக்கு மிஷின் இடைவெளியைக் குறைத்தார், கால் அறுத்த அந்த மேஜை மாடிக்குப் போய்விட்டது. கட்டு திரும்பவும் தரையில். அக்கா போன வாரம் போன் செய்தார். அஞ்சு இப்போது ஆறரை ஆகியிருக்கிறதாம். ஆனால் பெல்ட் போடவில்லை, குனிந்துதான் எடுக்கிறாராம். வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுபோய்க் கட்டு வைக்கப் போட்டாராம், அதையும் நடைபாதையை மறைக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டார்களாம். டாக்டரிடம் பேசி லெட்டரைப் புதுத் தேதி போட்டு வாங்கிவிட்டேன். வெற்றிலை அம்மாவும் கூட வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்கும் மேஜை வேண்டுமாம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு, டீ நேரத்தில், மிஷின் நிற்கும்போது போகிறேன்.